கோடி ரெக்கார்டுகளுக்கும் உங்கள் கம்ப்யூட்டர் போதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில மாதங்களில் வேர்டில் கடிதம் எழுதவும் எக்ஸெல்லில் வீட்டுக் கணக்கு போடவும் பழகிவிடுகிறார்கள். அதன் பின்னர் பலருக்கு ஓர் ஆசை வருகிறது. எங்கோ கிடைத்த பெரிய பைல் ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வேண்டியதைத் தேடி எடுக்கும்படி அமைக்க வேண்டும் என்பதுதான் அது. இந்தியாவின் அஞ்சல் அலுவலகங்கள் அனைத்தும் பின்கோடுடன் அடங்கிய பட்டியலாக இருக்கலாம். ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலாகவோ, கடையின் பத்து வருடப் பழைய பில் விவரமாகவோ இருக்கலாம். இந்த ஆசை வந்தவுடன் எல்லாரும் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த டேட்டாபேஸ் நல்லது? எந்த ஹோஸ்டிங் நல்லது?

இரண்டாவது கேள்வியை இப்போது கேட்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பைல் இன்னும் கையில் சரியாகப் பிரித்துக்கூடப் பார்க்கப்படவில்லை. அதற்குள் ஒரு வருடத்துக்குப் பணம் கட்டி, வெப்சைட் பெயரையும் பதிவு செய்து, பின்னர் பைல் ஏறவில்லை என்று தவிப்பவர்கள் அதிகம். நெல்லை அளக்கும் முன்பே குடோனுக்கு அட்வான்ஸ் கொடுப்பது போன்றது இது. முதலில் வீட்டில் ஏற்றிப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு வேலை அங்கேயே முடிந்துவிடும்.

"என் டேட்டா மிகப் பெரியது, வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்காது" என்று பயப்பட வேண்டாம். பெரியது என்றால் எவ்வளவு பெரியது என்று ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம். ஜியோநேம்ஸ் என்ற அமைப்பு உலகம் முழுவதிலும் உள்ள இடப் பெயர்களைத் திரட்டி இலவசமாகத் தருகிறது. ஊர்கள், ஆறுகள், மலைகள், ஏரிகள் என 1 கோடியே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ரெக்கார்டுகள் இதில் உண்டு. ஒவ்வொன்றிலும் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, நாடு, மக்கள்தொகை என்று 19 பீல்டுகள். எங்கிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்திக் கொள்ளலாம். இவ்வளவும் சேர்ந்து ஒரே டெக்ஸ்ட் பைல். ஜிப் பிரித்தால் 1 ஜிபிக்கு மேல் வரும். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இரண்டு மணி நேர சினிமா ஒன்றின் வீடியோ பைலே இந்த அளவுக்கு வந்துவிடும். கோடி என்ற சொல்தான் நம்மை மிரட்டுகிறது. ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

மிரள வேண்டியது எக்ஸெல்தான். எக்ஸெல் 2003 வரை இருந்த எக்ஸ்.எல்.எஸ். வகை பைலில் 65,536 வரிசைகள் மட்டுமே இருக்க முடியும். எக்ஸெல் 2007-ல் வந்த புதிய வகையில் இது 10,48,576 ஆக உயர்ந்தது. ஜியோநேம்ஸ் பைலில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதில் முழுமையாகக் காட்ட முடியாது. பின்கோடு பட்டியலில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அஞ்சல் அலுவலகங்கள் உள்ளன. எனவே பழைய வகையில் சேவ் செய்தால் பாதிக்கு மேல் போய்விடும்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் பிரிட்டனில் இதுவேதான் நடந்தது. பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை டெக்ஸ்ட் பைலாக அனுப்பின. பப்ளிக் ஹெல்த் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பு அவற்றைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். பைலில் இழுத்துப் போட்டது. இடம் நிரம்பிய பிறகு வந்தவை அப்படியே விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 நோயாளிகள் கணக்கில் வரவில்லை. அவர்களுக்குத் தங்கள் பரிசோதனை முடிவு தெரியும். ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலை அத்தனை நாள் தாமதமானது.

எக்ஸெல் செய்யும் இன்னொரு சேட்டையும் உண்டு. கேட்காமலே டேட்டாவைத் திருத்திவிடும். சென்னையின் எஸ்.டி.டி. கோடு 044 என்று பைலில் இருந்தால், திறந்தவுடன் 44 ஆக்கிவிடும். 16 இலக்க எண்ணில் 15 இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். மனித ஜீன்கள் சிலவற்றின் பெயர்கள் மார்ச் 1, செப்டம்பர் 2 போலத் தோன்றியதால் எக்ஸெல் அவற்றைத் தேதியாக மாற்றிக் கொண்டே இருந்தது. சலித்துப்போன ஜீன் பெயர்க் குழுவினர் 2020-ல் அந்த ஜீன்களின் பெயர்களையே மாற்றிவிட்டார்கள்! எனவே இம்போர்ட் செய்ய வேண்டிய பைலை எக்ஸெல்லில் திறந்து பார்த்தாலும், அதே பெயரில் சேவ் மட்டும் செய்துவிடாதீர்கள். மூலப் பைலை ஒரு காப்பி எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள்.

சரி, எந்த டேட்டாபேஸ்? என் தேர்வு எஸ்க்யூலைட். இதைச் சொன்னால் "அது சின்னப் பிள்ளைகள் விளையாடுவது, மைஎஸ்க்யூஎல்தான் பெரிய ஆட்களுக்கு" என்று யாராவது சொல்வார்கள். நம்ப வேண்டாம். ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-ல் உருவாக்கிய இந்த டேட்டாபேஸ், இன்று ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனிலும் ஐபோனிலும் இருக்கிறது. வாட்ஸ்அப் உங்கள் போனில் செய்திகளைச் சேமிப்பது இதில்தான். பயர்பாக்ஸ் பிரவுசர் நீங்கள் பார்த்த தளங்களின் பட்டியலை வைத்திருப்பதும் இதில்தான். அதாவது நீங்கள் ஏற்கனவே இதன் வாடிக்கையாளர். இதற்கு சர்வர் வேண்டாம். பாஸ்வேர்டு, போர்ட் எண் என்று எதையும் அமைக்க வேண்டாம். டேட்டா முழுவதும் ஒரே பைலில் அடங்கும். பென் டிரைவில் காப்பி செய்து நண்பருக்குக் கொடுத்தால் அவர் கம்ப்யூட்டரிலும் அப்படியே திறக்கும். கட்டணம் கிடையாது, லைசன்ஸும் கிடையாது. மைக்ரோசாப்ட் அக்சஸ் பழகியவர்கள் அதிலேயே தொடரலாமா என்று கேட்பார்கள். அக்சஸ் பைலின் அளவு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது. பின்கோடு பட்டியலுக்குத் தாராளமாகப் போதும். ஜியோநேம்ஸை ஏற்றி இண்டெக்ஸும் போட்டால் இடிக்கும்.

எஸ்க்யூலைட்டில் குறை இல்லையா? உண்டு. ஒரே நேரத்தில் பலர் டேட்டாவைப் படிக்கலாம். ஆனால் எழுதுவது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே. எண் இருக்க வேண்டிய பீல்டில் எழுத்து வந்தாலும் வழக்கமான டேபிளில் முகம் சுளிக்காமல் வாங்கிக் கொள்ளும். 2021-ல்தான் கண்டிப்பான டேபிள் அமைக்கும் வசதியைக் கொடுத்தார்கள். பல ஊர்களில் இருந்து பலர் ஒரே சமயத்தில் பில் போடுகிறார்கள் என்றால் எஸ்க்யூலைட் சரிவராது. அப்போது போஸ்ட்கிரெஸ், அல்லது மைஎஸ்க்யூஎல்லின் கிளையான மரியாடிபி. இவை இரண்டும் இலவசமே. இரண்டையும் வீட்டு விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே நிறுவி ஓட்டிப் பார்க்கலாம். இரண்டில் ஒன்று என்றால் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம். கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் இருந்து வளர்ந்தது. தப்பான டேட்டாவை வாசலிலேயே மறித்துவிடும். மறிப்பது முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வருடம் கழித்துத் தப்பைக் கண்டுபிடிப்பதை விட இது மேல்.

இனி ஏற்றும் வேலை. எஸ்க்யூலைட்டுக்கு டிபி பிரவுசர் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. பைல் மெனுவில் இம்போர்ட் பிரிவுக்குச் சென்று டெக்ஸ்ட் பைலைக் காட்டினால், பீல்டுகளைப் பிரிக்கும் குறி எது, மேற்கோள் குறி எது, எழுத்துக் குறியீடு எது என்று கேட்கும். ஜியோநேம்ஸ் பைலில் பிரிக்கும் குறி கமா அல்ல, டேப். குறியீடு யூ.டி.எப்.-8. எடுத்த எடுப்பில் கோடி ரெக்கார்டுகளை ஏற்ற வேண்டாம். அதே தளத்தில் 15,000 பேருக்கு மேல் வசிக்கும் நகரங்கள் மட்டும் அடங்கிய சிறிய பைல் தனியாகக் கிடைக்கிறது. அதை ஏற்றி, சென்னை, மதுரை என்று நாலு ஊரைத் தேடிப் பார்த்து, எல்லாம் சரியாக இருந்தால் பெரிய பைலுக்குச் செல்லுங்கள். ஏற்றி முடித்தவுடன் மாற்றங்களை எழுதும் பட்டனை அழுத்த மறக்கக் கூடாது. அதுவரை எதுவும் நிலையாகப் பதிவாகாது.

நாமே புரோகிராம் எழுதி ஏற்றுகிறோம் என்றால் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். எஸ்க்யூலைட் தளத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். சாதாரண கம்ப்யூட்டரில் நொடிக்கு 50,000 ரெக்கார்டுகளுக்கு மேல் சேர்க்க முடியும். ஆனால் டிரான்சாக்ஷன் என்றால் நொடிக்குச் சில டஜன்தான். டிரான்சாக்ஷன் என்பது, "இதுவரை சொன்னதை ஹார்ட் டிஸ்க்கில் உறுதியாக எழுதிவிட்டேன்" என்று டேட்டாபேஸ் கையெழுத்துப் போடுவது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு கையெழுத்துக்கும் தட்டு சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்டால், நொடிக்கு 60 என்று வைத்துக்கொண்டாலும் 1 கோடியே 10 லட்சம் ரெக்கார்டுகளுக்கு இரண்டு நாளுக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் அடுக்கி ஒரே கையெழுத்து வாங்கினால் நாலு நிமிடத்துக்குள் முடியும். கம்ப்யூட்டர் அதே கம்ப்யூட்டர்தான். "என் மெஷின் மெதுவாக இருக்கிறது, வேகமான சர்வர் வாடகைக்கு எடுக்க வேண்டும்" என்று முடிவு கட்டுபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்க வேண்டும். எஸ்.எஸ்.டி. டிஸ்க்கில் வித்தியாசம் குறையும், மறைந்துவிடாது. போஸ்ட்கிரெஸ்ஸில் காப்பி கட்டளையும் மைஎஸ்க்யூஎல்லில் லோட் டேட்டா கட்டளையும் மொத்தமாக ஏற்றுவதற்கென்றே உள்ளவை. அதேபோல் இண்டெக்ஸை முதலிலேயே அமைக்காதீர்கள். புத்தகம் முழுவதும் அச்சான பிறகு கடைசிப் பக்கத்தில் சொல்லடைவு தயாரிப்பது போல, டேட்டா ஏறி முடிந்த பின் இண்டெக்ஸ் போடுவதே வேகம்.

ஏறிவிட்டது என்று திரையில் செய்தி வந்தால் நம்பிவிடாதீர்கள். பைலில் எத்தனை வரி, டேபிளில் எத்தனை ரெக்கார்ட் என்று எண்ணி ஒப்பிடுங்கள். பைலில் எங்காவது ஒரு மேற்கோள் குறி ஜோடியில்லாமல் தனியே நின்றால், அடுத்த மேற்கோள் குறி வரும் வரை உள்ள நூற்றுக்கணக்கான வரிகளை ஒரே பீல்டாக நினைத்து விழுங்கிவிடும் புரோகிராம்கள் உண்டு. எந்த எச்சரிக்கையும் வராது. எண்ணிக்கை குறைவதுதான் ஒரே அறிகுறி. இங்கிலாந்தில் யாராவது தினமும் இந்த எண்ணிக்கையை ஒப்பிட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பார்கள்.

தமிழ் டேட்டா வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாகச் சில வார்த்தைகள். பழைய பைல்களில் தமிழ் இருப்பது போலத் தோன்றும். ஆனால் எழுத்துருவை மாற்றினால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும். பாமினி, டாப், டாம் போன்ற பழைய முறைகளில் டைப் செய்தவை அவை. தமிழக அரசே 1999-ல் டாப், டாம் முறைகளை ஏற்று, பின்னர் 2010-ல்தான் யூனிகோடுக்கு மாறியது. எனவே இடைப்பட்ட காலத்து டேட்டா நிறைய இப்படித்தான் இருக்கும். டேட்டாபேஸில் ஏற்றும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். ஏற்றிய பின் மாற்றுவது தலைவலி.

பீல்டின் அகலத்திலும் கவனம் வேண்டும். மீனாட்சிசுந்தரம் என்ற பெயரை நாம் 9 எழுத்தாக எண்ணுவோம். யூனிகோடில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது 16 ஆகிறது. ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் ஹார்ட் டிஸ்க்கில் 48 பைட். ஆங்கிலப் பெயருக்கு 20 போதும் என்று போட்டிருந்தால், இனிஷியலும் தகப்பனார் பெயரும் சேரும்போது வால் அறுந்துவிடும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய பதிப்புகள் இப்படி அறுத்துவிட்டு ஓர் எச்சரிக்கையோடு நிறுத்திக்கொள்ளும். 2015-ல் வந்த 5.7 பதிப்பில்தான் மறுத்துப் பிழை காட்டுவது வழக்கமானது. இதே மைஎஸ்க்யூஎல், 2018-ல் 8.0 வரும் வரை, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஐரோப்பிய எழுத்து முறையையே எடுத்துக் கொள்ளும். வரிசைப்படுத்துவதோ சுவீடன் மொழி முறையில்! பிறந்த வீடு சுவீடன் என்பதால் அப்படி. அதில் தமிழை ஏற்றினால் வரிசையாகக் கேள்விக்குறிகள்தான் கிடைக்கும். ஹோஸ்டிங்கில் பழைய பதிப்பு கிடைத்தால் டேபிள் அமைக்கும்போதே யூ.டி.எப்.8 எம்பி4 என்று குறிப்பிடுங்கள். அகர வரிசையிலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற என்று அடுக்கியிருக்கிறார்கள். எஸ்க்யூலைட் அந்த எண் வரிசையையே பின்பற்றும். நம் அகராதி வரிசை வேண்டும் என்றால் போஸ்ட்கிரெஸ்ஸில் 2017 முதல் அதற்கு வசதி இருக்கிறது.

இவ்வளவும் வீட்டில் முடிந்த பிறகு ஹோஸ்டிங் பற்றி யோசிக்கலாம். உங்களைத் தவிர வேறு யார் இதைப் பார்க்கப் போகிறார்கள்? நீங்கள் மட்டும்தான் என்றால் தேவையே இல்லை. நாலைந்து பேர் என்றால் அந்த ஒரு பைலைக் காப்பி செய்து கொடுங்கள். ஊர் உலகம் தேடிப் பார்க்க வேண்டும் என்றால்தான் இடம் வாடகைக்கு எடுக்க வேண்டும்.

குறைந்த விலையில் கிடைக்கும் ஷேர்டு ஹோஸ்டிங் என்பது ஒரே சர்வரில் பலரைக் குடிவைக்கும் லாட்ஜ். "அன்லிமிடெட்" என்று விளம்பரத்தில் இருந்தாலும், விதிமுறைகளைப் படித்தால் டேட்டாபேஸ் அளவு, பைல்களின் எண்ணிக்கை, புரோகிராம் ஓடும் நேரம் என்று ஆங்காங்கே வேலி இருக்கும். அங்கே டேட்டாவை ஏற்றும் பக்கம் பி.எச்.பி.யில் இயங்குவது. நிறுவனத்தார் மாற்றாவிட்டால் பி.எச்.பி. ஏற்றுக்கொள்ளும் பைலின் அளவு 2 எம்பி, ஓடும் நேரம் 30 நொடி. பெரும்பாலோர் இதை உயர்த்தித் தருகிறார்கள் என்றாலும், 1 ஜிபி பைல் அந்த வாசலில் நுழையாது. துண்டு துண்டாக வெட்டி ஏற்றுபவர்கள் எந்தத் துண்டு ஏறியது, எது பாதியில் நின்றது என்று தெரியாமல் விழிப்பார்கள். ஷேர்டு ஹோஸ்டிங்தான் என்றால், வீட்டில் ஏற்றித் தயாராக வைத்த எஸ்க்யூலைட் பைலை எப்.டி.பி. மூலம் அப்படியே அனுப்பிவிடுங்கள். தேட மட்டும் செய்யும் தளத்துக்கு இதுவே போதும். பி.எச்.பி.க்கு அதைப் படிக்கத் தெரியும். அந்த வசதியை நிறுவனத்தார் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பணம் கட்டும் முன் கேட்டுக் கொள்ளுங்கள். அனுப்பும்போது வெப்சைட் பக்கங்கள் இருக்கும் போல்டரில் வைக்காமல் அதற்கு வெளியே வையுங்கள். இல்லையென்றால் முகவரி தெரிந்த எவரும் முழு டேட்டாவையும் டவுன்லோட் செய்துவிடலாம்.

எழுதும் வேலையும் இருந்தால் வி.பி.எஸ். எனப்படும் தனி சர்வர் பங்கு வேண்டும். அதை எடுத்தால் பூட்டு, சாவி, காவல் எல்லாம் உங்கள் பொறுப்பு. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டு போடாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி டேட்டாபேஸ்களைச் சிலர் அழித்துவிட்டு, திருப்பித் தரப் பணம் கேட்டார்கள். டேட்டாபேஸின் கதவு வெளி உலகுக்குத் தெரியவே கூடாது. வெப்சைட் மட்டும்தான் அதனுடன் பேச வேண்டும். ஏற்றுவதில் மனிதர்களின் பெயரும் போன் நம்பரும் இருந்தால் இன்னும் யோசியுங்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் 2023-ல் இயற்றப்பட்டுவிட்டது. ஊர்க்காரர்களின் பட்டியலை நல்லெண்ணத்தில்தான் போட்டேன் என்பது அங்கே செல்லாது.

ஹோஸ்டிங் நிறுவனம் பேக்கப் எடுக்கிறது என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸில் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் சிலருக்கு இரண்டுமே போயின. மாதம் ஒருமுறை டேட்டா முழுவதையும் வீட்டுக்கு டவுன்லோட் செய்து, வேறு பெயரில் ஒரு காலி டேட்டாபேஸ் திறந்து அதில் ஏற்றி, ரெக்கார்டுகளை எண்ணிப் பாருங்கள். முதல் தடவை ஒரு வருடத்துக்குப் பணம் கட்டாமல் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். முதல் வருடச் சலுகை விலைக்கும் புதுப்பிக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.